ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இல்லை என்று வந்த பிறகும் ஏன் மாத்திரையை நிறுத்தக் கூடாது?

இதே கேள்வியை என் அண்ணனும் கேட்டார். ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று பார்த்த சந்தோஷத்தில் யாரிடமும் சொல்லாமல் டெனோஃபோவிரை நிறுத்திவிட்டார். சில மாதம் கழித்து எடுத்த டெஸ்டில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு எகிறியிருந்தது, வைரஸும் திரும்பியிருந்தது. அன்றிலிருந்துதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த வைரஸின் டிஎன்ஏ வெறும் 3,200 எழுத்துதான். அவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு எல்லா வேலையையும் தானே செய்ய முடியாது, அதனால் கல்லீரல் செல்லின் புரதங்களை வைத்தே பிழைக்கிறது. முதலில் உள்ளே நுழைய வேண்டும். பித்த உப்பை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கும் என்டிசிபி என்ற புரதம்தான் அதற்கு வாசல், இதைக் கண்டுபிடித்ததே 2012-இல்தான். ஹெப்-ஜி2 என்ற ஆய்வுக்கூடக் கல்லீரல் செல்களில் என்டிசிபி அநேகமாக இல்லை, வைரஸை ஊற்றினாலும் தொற்றாது. அந்த ஒரு புரதத்தை மட்டும் சேர்த்துக் கொடுத்ததும் தொற்றிக்கொண்டது.

சரி, உள்ளே வந்தாச்சு. வைரஸ் கொண்டுவரும் டிஎன்ஏ வளையம் ஓரிடத்தில் அறுந்து, ஒரு இழை பாதியில் நிற்கும். அதை ஒட்டி முழு வளையமாக்குவது நம் செல்லின் சொந்தப் பழுதுபார்க்கும் புரதங்கள்தான், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். அந்த முழு வளையம் உட்கருவிலேயே தங்கிவிடுகிறது. கல்லீரல் மரபணுக்களை இயக்கும் எச்என்எஃப்4 ஆல்ஃபா போன்ற புரதங்கள் இதையும் இயக்கி, ஆர்என்ஏ நகல்களை எடுக்க வைக்கின்றன. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாதிரி மாத்திரைகள் எல்லாம் அந்த ஆர்என்ஏவிலிருந்து புது டிஎன்ஏ உருவாவதை மட்டும்தான் தடுக்கும், மூல வளையத்தைத் தொடாது. அதனால் ரத்தம் சுத்தமாகத் தெரிந்தாலும் ஊற்று உள்ளேயே இருக்கிறது. சிலருக்கு எப்போது நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்வார், தயவுசெய்து நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

எல்லாப் புரதமும் வைரஸுக்குத் துணை போவதில்லை. எஸ்எம்சி 5/6 என்ற கூட்டுப் புரதம் அந்த வளையத்தைப் பிடித்து வாயடைத்துவிடும். ஆனால் வைரஸின் எக்ஸ் புரதம், செல்லின் டிடிபி1 புரதத்தோடு சேர்ந்து எஸ்எம்சியைக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறது. இது 2016-இல் தெரியவந்தது. எக்ஸுக்கும் டிடிபி1-க்கும் உள்ள பிடியை விலக்கினால் எஸ்எம்சி மீண்டும் வேலைக்கு வருவதை ஆய்வுக்கூடச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். அண்ணனுக்காக நான் இப்போது ஆவலோடு படித்துக்கொண்டிருப்பது இந்தப் பக்கத்து ஆராய்ச்சியைத்தான்.