எதிரே நின்றது யார்?

கேள்வி: 2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா, ஹைதராபாத், மும்பை, டெல்லி என்று நான்கு நகரங்களுக்கு வந்துபோனார். சென்னைக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை? பெலே முதல் மெஸ்ஸி வரை உலக நட்சத்திரங்கள் வந்து ஆடிய நாடு இது. அரசே செலவு செய்து ஒரு பெரிய வெளிநாட்டு அணியை அழைத்துவந்து காட்சி ஆட்டம் நடத்தினால், இங்கே கால்பந்து வளராதா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 2025-இல் மெஸ்ஸி இந்தியாவில் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. வந்தார், கையசைத்தார், சில இடங்களில் பந்தை உதைத்துக் காட்டினார், பிரமுகர்களோடு படம் எடுத்துக்கொண்டார். கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள், அவரைச் சூழ்ந்து நின்ற அமைச்சர்கள், அதிகாரிகள், பாதுகாவலர்களின் முதுகைத்தான் பார்த்தார்கள். அவரும் ஏறக்குறைய இருபது நிமிடங்களில் கிளம்பிவிட்டார். பிறகு நாற்காலிகள் பறந்ததும், முதலமைச்சர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதும், முக்கிய ஏற்பாட்டாளர் கைதானதும் நீங்கள் அறிந்தவையே. அந்த ஊரில் மெஸ்ஸிக்கு 70 அடி உயரச் சிலையும் வைத்திருக்கிறார்கள். இதில் சென்னைக்கு என்ன இழப்பு என்று எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் உங்கள் கேள்வியின் பிற்பகுதி முக்கியமானது. வெளிநாட்டு அணிகள் இந்தியாவுக்கு வந்து ஆடிய ஆட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் படிக்கும்போது வந்தவர் யார் என்று மட்டும் பார்க்காமல், அவருக்கு எதிரே நின்றது யார் என்றும் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

1937-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த இஸ்லிங்டன் கொரிந்தியன்ஸ் என்னும் அமெச்சூர் அணி உலகச் சுற்றுப்பயணத்தின் ஒரு பகுதியாக இந்தியா வந்தது. ஊர் ஊராகச் சென்று உள்ளூர் அணிகளோடு மோதியது. நம் ஆட்டக்காரர்களில் பலர் அன்று வெறுங்காலோடு ஆடுபவர்கள். அப்படியிருந்தும் டாக்கா அணி அவர்களை ஒரு கோல் வித்தியாசத்தில் வீழ்த்தியது. டாக்காவையும் உள்ளடக்கிய அன்றைய இந்தியாவில் அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். பிறகு 1955-இல் சோவியத் அணி வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நம்மவர்கள் மாஸ்கோவுக்குச் சென்று 11-1 என்ற கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதற்கடுத்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பிடித்தது. அந்தத் தோல்வியால்தான் இந்த வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். வலிமையான அணிகளிடம் அடி வாங்க அன்றைய நிர்வாகிகள் கூச்சப்படவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

நீங்கள் குறிப்பிட்ட பெலேவின் வருகை 1977 செப்டம்பர் 24 அன்று நிகழ்ந்தது. பெலே ஆடிய அமெரிக்க கிளப்பான நியூயார்க் காஸ்மோஸ் அணி ஜப்பான், சீனா வழியாகக் கொல்கத்தா வந்து, ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் அந்த ஊர் கிளப்பான மோகன் பகானுடன் ஆடியது. ஒரு வாரம் கழித்து அக்டோபர் 1 அன்று பெலே தம் கடைசி ஆட்டத்தை ஆடி ஓய்வு பெற்றுவிட்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் ஊறிச் சேறாகக் கிடந்த தரையில் 36 வயதுப் பெலே பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அதற்குச் சேறு ஒரு காரணம் என்றால், நிழல்போல அவரைத் தொடர்ந்த மோகன் பகானின் கௌதம் சர்க்கார் இன்னொரு காரணம். கார்லோஸ் ஆல்பர்ட்டோ காஸ்மோஸுக்கு முதல் கோலைப் போட, ஷியாம் தாப்பாவும் ஹைதராபாத்காரரான முகமது ஹபீபும் ஆளுக்கொரு கோல் அடித்து மோகன் பகானை முன்னிலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு காஸ்மோஸுக்குப் பெனால்டி கொடுத்தது சரியா என்று இன்றுவரை கொல்கத்தாவில் சண்டை நடக்கிறது. அந்தப் பெனால்டியைக் கினாலியா கோலாக்கியதால்தான் ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. பி.கே. பானர்ஜியிடம் பயிற்சி பெற்ற அந்த மோகன் பகான் அணி அதே பருவத்தில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை, டூராண்ட் கோப்பை ஆகிய மூன்று இந்தியத் தொடர்களையும் வென்றது. பெலே காசுக்காக வந்தார், கூட்டம் பெலேவுக்காக வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் தொண்ணூறு நிமிடங்களின் பலனை அனுபவித்தவர்கள் ஹபீபும் தாப்பாவும் சர்க்காரும்தான்.

இந்த முறையைக் கொஞ்ச காலம் ஒழுங்காக நடத்திப் பார்த்தது நேரு கோப்பை. 1982-இல் தொடங்கிய அதைக் காட்சி ஆட்டம் என்று சொல்ல முடியாது, அது முறையான தொடர். ஆயினும் வெளிநாட்டு அணிகளை அழைத்துவந்து நம் தேசிய அணியை அவற்றோடு மோதவிடுவதுதான் அதன் நோக்கம். முதல் கோப்பையை உருகுவே கொண்டுபோனது. 1984-இல் கார்லோஸ் பிலார்டோ பயிற்சியளித்த அர்ஜென்டினா கொல்கத்தாவுக்கு வந்தது, அதனால் இந்தியாவை ஒரே ஒரு கோலில்தான் வெல்ல முடிந்தது. அதே பிலார்டோ இரண்டே ஆண்டுகளில் உலகக் கோப்பையைத் தூக்கினார். நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் சொல்கிறேன், சென்னை நேரு விளையாட்டரங்கில் 1993-இல் நடந்ததும் இந்த நேரு கோப்பைதான். அப்போது யாரும் ஓரவஞ்சனை என்று புகார் சொன்னதாக நினைவில்லை, அந்தத் தொடரை இன்று நினைவில் வைத்திருப்பவர்களும் அதிகம் இல்லை.

2008 மே மாதம் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணி, தன் கோல்கீப்பர் ஆலிவர் கானின் பிரிவு உபசாரப் பயணமாக சால்ட் லேக் வந்தது. மோகன் பகான் 0-3 எனத் தோற்றது. 2012 ஜனவரியில் அதே பயர்ன், இந்திய அணியின் முன்னாள் தலைவர் பாய்ச்சுங் பூட்டியாவின் விடைபெறும் ஆட்டத்தில் டெல்லியில் இந்திய அணியை 4-0 என வென்றது. இரண்டும் வழியனுப்பு விழாக்கள் என்றாலும் எதிரே நம்மவர்கள் நின்றார்கள் என்ற அளவில் குறை சொல்ல மாட்டேன்.

திருப்பம் இவ்விரண்டுக்கும் நடுவே, 2011 செப்டம்பர் 2 அன்று நடந்தது. மெஸ்ஸி இந்தியாவில் உண்மையாகவே ஆடிய சர்வதேச ஆட்டம் அது. சால்ட் லேக்கில் அர்ஜென்டினா மோதியது இந்தியாவுடன் அல்ல, வெனிசுவேலாவுடன். மெஸ்ஸியின் கார்னர் கிக்கை ஓட்டமெண்டி தலையால் முட்டி அடித்த ஒரே கோலில் அர்ஜென்டினா வென்றது. புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளர் சபெல்லாவுக்கு அது முதல் ஆட்டம். தம் அணியைச் சோதித்துப் பார்க்க அவருக்கு அது உதவியது. வெனிசுவேலாவுக்கோ அதைவிடப் பெரிய லாபம்: அடுத்த மாதமே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், வரலாற்றில் முதன்முறையாக, அர்ஜென்டினாவை 1-0 எனத் தோற்கடித்தது. கொல்கத்தா ஆட்டத்தால்தான் இது நடந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மைதானத்தையும் விளக்குகளையும் கூட்டத்தையும் நாம் கொடுக்க, பயிற்சியை வேறு இரண்டு நாடுகள் எடுத்துக்கொண்டு போயின என்பதை யாரும் மறுக்க முடியாது. கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர் மாப்பிள்ளை ஆகிவிட முடியாதல்லவா?

2023-இல் இந்தியாவில் ஒரு நட்புறவு ஆட்டம் ஆட அர்ஜென்டினா முன்வந்ததையும், ஏறத்தாழ 40 லட்சம் முதல் 50 லட்சம் டாலர் வரை கட்டணம் என்றதும் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பின்வாங்கியதையும் பலர் இன்றும் குறையாகச் சொல்கிறார்கள். அந்த ஜூன் மாதம் அர்ஜென்டினா ஜகார்த்தாவுக்குப் போனது. மெஸ்ஸி போகவில்லை. இந்தோனேசிய வீரர்கள் உலகச் சாம்பியன்களை நேருக்கு நேர் சந்தித்து 0-2 எனத் தோற்றார்கள். பணம் கொடுப்பதென்றால் அதற்குக் கொடுக்கலாம். பிறகு கேரள அரசின் முயற்சியில் 2025 நவம்பரில் கொச்சிக்கு அர்ஜென்டினா வருவதாக அறிவிப்பு வெளியாகி, மைதானப் பணிகளும் தொடங்கி, கடைசியில் ஆட்டம் நடக்காமலே போயிற்று.

அந்த நவம்பரில்தான் நம் தேசிய அணி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 எனத் தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு அதற்கு முன்பே கைநழுவியிருந்தது. மெஸ்ஸி நான்கு நகரங்களைச் சுற்றிய நாள்களில், நாட்டின் முதன்மைக் கால்பந்துத் தொடரான இந்தியன் சூப்பர் லீக் தொடங்கவே இல்லை. வணிக உரிமையை எடுக்க ஆளில்லாமல் அந்தரத்தில் நின்றது. சம்பளம் வருமா, பருவம் நடக்குமா என்று தெரியாமல் வீரர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மெஸ்ஸி டிக்கெட்டுக்கு முண்டியடித்த ரசிகர்களை நான் குற்றம் சொல்லவில்லை, பிடித்த ஆட்டக்காரரைப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசைக்குக் கால்பந்து வளர்ச்சி என்று பெயர் வைத்து அரசுப் பணத்தைக் கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வெறும் வருகைக்கு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது. ஆட்டம் என்றால், எதிரே இந்திய அணியோ, இங்குள்ள ஒரு கிளப்போ, மாநில இளைஞர் அணியோ நிற்க வேண்டும். முழுத் தொண்ணூறு நிமிடங்கள் ஆட வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும். இந்த நிபந்தனைகளோடு சென்னையில் ஓர் ஆட்டம் நடந்தால், நட்சத்திரங்கள் எவரும் வராமல் மாற்று வீரர்கள் மட்டுமே வந்தாலும் நான் டிக்கெட் வாங்கத் தயார்.