எட்டாம் மாதத்துக் குரல்

கேள்வி: அண்ணா, நான் அக்கரைப்பற்றில் இருக்கிறேன், வயது 26. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோன் ஊசி தொடங்கி ஏழு மாதம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மற்றத் திருநம்பிகள், பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட என்னைப்போன்ற ஆண்கள், மாதாமாதம் குரலையும் முகத்தையும் போடுகிறார்கள். சிலருக்கு நாலாம் மாதத்திலேயே குரல் உடைந்துவிட்டது. எனக்குத் தொலைபேசியில் இன்னும் "மிஸ்" என்றுதான் சொல்கிறார்கள். ஊசியை இரட்டிப்பாக்கச் சொல்கிறார் ஒருவர். என் கதையையும் போடச் சொல்கிறார்கள். ஊர் சின்னது, பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: தம்பி, முதலில் ஊசி. இரட்டிப்பாக்கவே வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதியை உடம்பே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். சிவப்பணுக்கள் பெருகி இரத்தமும் தடிக்கும். அதனால்தான் வைத்தியர் இடைக்கிடை இரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார், அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். குரல் சிலருக்கு மூன்றாம் மாதத்தில் அசையும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். தாடி முழுசாக வர நாலைந்து வருடம்கூட எடுக்கலாம். எங்கள் கூட்டத்தில் ஊசியே போடாத ஒருவர் இருக்கிறார். அவரும் திருநம்பிதான்.

எனக்கு எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. ஒன்பதாம் மாதம் ஒருநாள் செங்கலடியில் இருந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா "பிழையான நம்பர்" என்று வைத்துவிட்டார். திரும்ப எடுத்து, "அம்மா, நான்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சளி தடிமனா, மகன்?" என்று கேட்டார். அந்த "மகன்" வாய்தவறி வந்ததா, நினைத்துச் சொன்னதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சரி, கதை சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். நான் முதலில் சொன்னது ஒரே ஒருவரிடம். போயா நாள், கல்லடிக் கடற்கரை. கல்முனையில் இருந்து வந்திருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்த திருநம்பி. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "நெஞ்சுக்கு என்ன கட்டுகிறாய்?" என்றார். நெஞ்சு தட்டையாகத் தெரிய நான் இலாஸ்டிக் பண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தேன், சித்திரை வெயிலிலும் நித்திரையிலும். விலா குத்தும், மூச்சு முழுசாக இழுக்க முடியாது. பண்டேஜ் கூடாது, அதற்கென்றே தைத்த உள்ளாடையான பைண்டர் போடு, எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், படுக்கும்போது கழற்று என்று சொல்லித் தந்தவர் அவர்தான். நாம் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியது இதுமாதிரி விஷயங்களைத்தான், தம்பி.

படத்தில் தெரியாத இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. மூத்த மகள் என்று எனக்காக அம்மா கட்டத் தொடங்கிய வீட்டைத் தங்கைக்கு எழுதச் சொன்னேன். முதல் ஊசி போட்ட நாளைவிட அது எனக்குப் பெரிய நாள். குடி, அதாவது எங்கள் குலம், மட்டும் அப்படியே இருக்கிறது. தாய்வழி வருவது, மகனுக்கும் அதேதான்.

அப்புறம் அடையாள அட்டை. இலங்கைச் சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி மனநல வைத்தியர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் தருவார். அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பிறகு அட்டையை மாற்றலாம். அதுவரை அட்டையைப் படமெடுத்து ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். அட்டை நம்பரில் பிறந்த வருடத்தை அடுத்த மூன்று இலக்கம் 500ஐத் தாண்டினால் பெண் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கவுண்டரில் அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு, வரிசையே திரும்பிப் பார்க்கும்படி என்னை "மிஸ்" என்று கூப்பிட்டார்கள்.

குழுவில் போடுவதென்றால் முகம் வேண்டாம், குரல் போதும். படம்தான் என்றால் பின்னால் கோயில் கோபுரமோ கடைப்பலகையோ விழாமல் பாருங்கள். அதற்கும் பயம் என்றால் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் இன்றிரவு ஒரு நிமிடம் உங்கள் குரலைப் பதிந்து வையுங்கள், யாருக்கும் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. என்னிடம் எட்டாம் மாதத்துக் குரல் இல்லை, வெட்கத்தில் பதியவில்லை. அம்மா கேட்டவுடன் என்னை அடையாளம் கண்ட குரல் அது.