ஸ்வாப்பில் காணாமல் போன 8 சதவீதம்

2 ஈதரை (எத்தீரியம் பிளாக்செயினின் நாணயம்) ஸ்வாப் செய்து, அதாவது மாற்றி, வேறொரு டோக்கன் வாங்கியபோது, திரையில் காட்டியதைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவாக வந்தது, வாலட்டை (கிரிப்டோ பணப்பை) ஹேக் செய்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வாலட்டைத் திறக்கும் உங்கள் ரகசியச் சாவி பத்திரமாகத்தான் இருக்கிறது. ஸ்லிப்பேஜை, அதாவது காட்டிய விலையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று நீங்கள் தரும் அனுமதியை, 8 சதவீதம் என்று வைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ஓட்டை அங்கேதான்.

எத்தீரியத்தில் பரிவர்த்தனை பிளாக்கில் (பரிவர்த்தனைகள் பதிவாகும் தொகுப்பு) ஏறும் முன், பொதுவாக மெம்பூல் என்ற பொது வரிசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி காத்திருக்கும். அதைப் பார்த்த பாட் (தானியங்கி நிரல்) ஒன்று முந்திக்கொண்டு வாங்கி, நீங்கள் அனுமதித்த விளிம்புவரை விலையை ஏற்றியிருக்கும். நீங்கள் வாங்கியதும் விற்றுவிட்டிருக்கும். சாண்ட்விச் தாக்குதல் என்பது இதுதான். எக்ஸ்புளோரரில் (பரிவர்த்தனைகளைக் காட்டும் இணையதளம்) அந்த பிளாக்கைத் திறந்து, உங்கள் பரிவர்த்தனைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அதே பூலில் (டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் பொது இருப்பு) ஒரே முகவரி முன்னால் வாங்கி, பின்னால் விற்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

போன பணம் வராது. மீட்டுத் தருவதாகத் தனிச்செய்தி அனுப்புபவர் அடுத்த திருடர், பதிலே போடாதீர்கள்.

இனி ஸ்லிப்பேஜை 0.5 சதவீத அளவில் வையுங்கள். விலை அதைத் தாண்டி பரிவர்த்தனை தோற்றால் கேஸ் கட்டணம் (நெட்வொர்க்குக்குத் தரும் கட்டணம்) போகும், அவ்வளவுதான். ஃபிளாஷ்பாட்ஸ் புரொடெக்ட் போன்ற தனி ஆர்பிசியை (வாலட் பரிவர்த்தனையை அனுப்பும் இணைப்பு முகவரி) வாலட்டில் சேர்த்தால் ஆர்டர் பொது மெம்பூலுக்கே போகாது. ஆழமில்லாத, அதாவது இருப்பு குறைவான, பூலில் மட்டும் இரண்டுமே முழுதாகக் கைகொடுக்காது. அங்கே உங்கள் ஆர்டரே விலையைத் தூக்கிவிடும்.