ஸ்குவாட் எடை ஏறவில்லை என்றால் வலிமை கூடவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 36, எடை 65 கிலோ. ஐந்து மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். முதல் இரண்டு மாதத்தில் ஸ்குவாட் (எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 20 கிலோவிலிருந்து 55 கிலோவுக்கு மளமளவென்று ஏறியது. ஆனால் தொடை துளிகூடப் பருக்கவில்லை. இப்போது ஒரு மாதத்துக்கும் மேலாக 70 கிலோவிலேயே நிற்கிறேன். ஐந்து தடவைக்கு மேல் முடியவில்லை. வாரம் ஆறு நாள் போகிறேன், அதில் நான்கு நாள் ஸ்குவாட். முழங்கால் சில்லுக்குக் கீழே லேசான வலி வேறு. என்னோடு சேர்ந்தவர் 100 கிலோ தூக்குகிறார். நான் உண்மையிலேயே வலுவாகிறேனா, இல்லை நேரத்தை வீணாக்குகிறேனா?

பதில்: வலுவாகியிருக்கிறீர்கள். தொடை பருக்காததை வைத்து அதைச் சந்தேகப்பட வேண்டாம். புதிதாக எடை தூக்குகிறவருக்கு முதல் சில வாரங்களில் கூடுகிற வலிமையில் பெரும்பங்கு நரம்பிலிருந்து வருகிறது. தசையில் உள்ள நார்கள் கொத்துக் கொத்தாக ஒவ்வொரு நரம்பின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பழகாத உடம்பால் எல்லாக் கொத்துகளையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயக்க முடியாது. போதாததற்கு எதிர்ப்பக்கத் தசைகளும் இறுகிக்கொண்டு தடுக்கும். பழகப் பழக இந்த இரண்டும் சரியாகின்றன. டோஷியோ மோரிடானி, ஹெர்பர்ட் டிவ்ரீஸ் இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: முதலில் நரம்பு, பிறகுதான் தசையின் பருமன். உங்கள் 20-லிருந்து 55 அந்த முதல் கட்டம். அது முடிந்துவிட்டதால் இனி அதே வேகம் வராது. வேகம் குறைந்ததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் தூக்குகிற 70 உண்மையான 70-தானா?

கைபேசியை இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில் வைத்து உங்கள் கடைசி செட்டை, அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்கிற கடைசிச் சுற்றை, படம் எடுங்கள். அடியில் இருக்கும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். தொடையும் இடுப்பும் மடிகிற இடம் முழங்காலின் மேல்மட்டத்தைவிடக் கீழே இறங்கியிருக்கிறதா? பவர்லிஃப்டிங் என்ற எடை தூக்கும் போட்டிகளில் ஆழத்தை இப்படித்தான் பார்க்கிறார்கள். எடை ஏற ஏற நமக்குத் தெரியாமலே நான்கு விரல்கடை மேலேயே நின்று திரும்பிவிடுவோம். மிகக் கடினமான பகுதியை வெட்டிவிட்டுத் தூக்குவதால் எண் ஏறும், வலிமை ஏறாது. அரை ஆழத்தில் 70 தூக்குகிறவர், முழு ஆழத்தில் 55-க்கே திணறலாம். எழும்போது பின்புறம் மட்டும் முதலில் மேலே போய், பார் அதே உயரத்தில் நின்று, மார்பு முன்னால் சாய்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் தொடை செய்ய வேண்டிய வேலையை முதுகு செய்கிறது. குதிகால் தரையைவிட்டு எழுந்தாலும், எழும்போது முழங்கால்கள் உள்ளே ஒடுங்கினாலும் எடை அதிகம் என்றுதான் பொருள்.

வலிமையை எதனோடு எதை ஒப்பிட்டு அளக்கிறோம் என்பதுதான் முக்கியம். அதே ஆழம், அதே ஓய்வு, அதே நிதானம் இருக்கும்போது கூடுவது மட்டுமே கணக்கு. ஒரு நல்ல நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிய ஒரு தடவை கணக்கில் வராது. எனவே ஒரு நோட்டில் எடை, செட், தடவை மூன்றையும் எழுதுங்கள். இன்னும் எத்தனை தடவை முடிந்திருக்கும் என்ற உங்கள் மதிப்பீட்டையும் பக்கத்தில் குறியுங்கள். எடை நகராத மாதத்திலும் வலிமை நகர்வது அப்போது தெரியும். எப்லி சூத்திரம் என்று ஒரு எளிய கணக்கு உண்டு: தடவையை 30-ஆல் வகுத்து 1 கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 70 கிலோ ஐந்து தடவை என்றால், ஒரே ஒரு தடவைக்கு உங்கள் உச்சம் சுமார் 82 கிலோ. அதே 70 எட்டுத் தடவை ஆனால் சுமார் 89. பாரில் தட்டு மாறவில்லை, நீங்கள் மாறியிருக்கிறீர்கள். பத்துத் தடவைக்கு மேல் இந்தக் கணக்கை அவ்வளவாக நம்பக்கூடாது.

நீங்கள் தேங்கி நிற்பதற்கு ஆழத்தைவிடப் பெரிய காரணம் அந்த நான்கு நாள் ஸ்குவாட் என்று தோன்றுகிறது. பயிற்சி முடிந்து ஜிம்மைவிட்டு வெளியே வரும்போது உள்ளே போனபோது இருந்ததைவிட பலவீனமாகத்தான் இருப்பீர்கள். உடம்பு அதைச் சரிசெய்து, முன்பைவிடச் சற்று மேலே கொண்டுபோக இரண்டு மூன்று நாள் வேண்டும். அதற்குள் மறுபடி மறுபடி இறங்கினால் களைப்புதான் சேரும். இடைவெளி விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். இரண்டு வாரம் முழுதாக விட்டால்கூட வலிமை பெரிதாகக் குறையாது.

முதல் வாரம் இரண்டே நாள், 45 கிலோ, இரண்டு செட், ஐந்து தடவை மட்டும். பிறகு வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. கனமான நாளில் 60 கிலோ, முழு ஆழத்தில், மூன்று செட், ஐந்து தடவை. அந்த ஆழத்தில் 60 திணறினால் 50-இல் தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கனமான செட்டுகளுக்கு முன் உடம்பைத் தயார்செய்ய வெறும் பாரில் எட்டுத் தடவை, 40-இல் ஐந்து, 50-இல் மூன்று. இன்னொரு நாள் 45 கிலோ, மூன்று செட், எட்டுத் தடவை. கனமான நாளில் மட்டும் வாரத்துக்கு 2.5 கிலோ, அதாவது பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு. ஒரு செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு தடவை மிச்சம் இருக்க வேண்டும். ஒரே எடையில் இரண்டு வாரம் தொடர்ந்து தவறினால் பத்து சதவீதம் குறைத்து மறுபடி ஏறுங்கள்.

செட்டுகளுக்கு நடுவே கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் உட்காருங்கள். ஒரு நிமிடத்தில் எழுந்தால் மூன்றாவது செட்டில் கால் தோற்பதற்கு முன் மூச்சு தோற்றுவிடும், அதை வலிமைக் குறைவு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சாப்பாட்டில் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு நாளைக்கு 105 கிராம் அளவு, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். உடல் எடையைக் குறைக்கவும் முயன்றுகொண்டிருந்தால், ஸ்குவாட் எடை மெதுவாகத்தான் ஏறும்.

நண்பருடைய 100 கிலோவை மறந்துவிடுங்கள். அவருடைய உடல் எடை, தொடை எலும்பின் நீளம், முன்பு விளையாடிய பழக்கம், இறங்குகிற ஆழம் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

முழங்கால் வலியை அலட்சியம் செய்யாதீர்கள். தசையைவிட, அதை எலும்போடு இணைக்கிற தசைநாண் மெதுவாகத்தான் உறுதியாகும். எடை வேகமாக ஏறியதும், ஓய்வு இல்லாததும் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணை உறுத்தியிருக்கலாம். மேலே சொன்ன குறைப்போடு, மூன்று நொடி எண்ணி நிதானமாக இறங்குங்கள், அடியில் துள்ளாதீர்கள். வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அதைத் தாண்டினால் எடையை இறக்குங்கள். வீக்கம், மூட்டு பிடித்துக்கொள்வது, நடக்கும்போது கால் நழுவுவது, ராத்திரி வலி இதில் எது வந்தாலும் ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.