வீட்டு நாய் குட்டி போடாம இருக்க ஆபரேஷன் கட்டாயமா? வேற வழி இருக்கா?

உங்க வீட்ல இருக்கறது பொட்ட நாயாத்தான் இருக்கும், கடுவன் (ஆண் நாய்) வச்சிருக்கவங்க யாரும் இதக் கேக்குறதே இல்ல. ஆபரேஷன் பண்ணிருங்க. ஊசி போட்டு ஹீட்ட, அதாவது பொட்ட நாய் இணை தேடுற பருவத்த, தள்ளிப் போடுறதெல்லாம் வேணாம், அதுல கர்ப்பப்பையில சீழ் வைக்கிற ஆபத்து இருக்கு.

நாங்க மதுரையில வில்லாபுரம் பக்கம். எங்க சிட்டு தெருவுல கெடந்த நாட்டுக்குட்டி, 8 மாசத்துல மொத ஹீட்டுக்கு வந்துச்சு. மொசைக் தரையெல்லாம் சொட்டு சொட்டா ரத்தம், அம்மா துணியோட பின்னாடியே திரிஞ்சாங்க. பத்து நாள் கேட்டத் தொறக்கல. அப்பறம் ரத்தம் வெளுத்துருச்சேன்னு அவுத்து விட்டோம் பாருங்க, அதான் தப்பு. ஹீட்டு மூணு வாரம் போல இருக்கும், ரத்தம் கொறையிறப்பதான் அது கடுவன சேத்துக்கும், இது அன்னைக்கு எனக்குத் தெரியாது. அம்மா கீரைக்காரம்மாட்ட சில்லறை வாங்குறதுக்குள்ள வெளிய போய் ஒரு கடுவனோட ஒட்டிக்கிச்சு. தண்ணிய ஊத்துங்க, அடிச்சுப் பிரிங்கன்னு ஆளாளுக்கு கத்துனாங்க, இழுத்தா ரெண்டுக்கும் காயமாகும்னு நான் யாரையும் கிட்ட விடாம 20 நிமிஷம் வெயில்ல நின்னேன்.

ரெண்டு மாசத்துல ஆறு குட்டி. கடுவன் குட்டி ரெண்டையும் ஒரே நாள்ல ஆளுங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் நாலையும் அட்டப்பெட்டில வச்சுகிட்டு ஒரு மாசம் அலைஞ்சேன், வர்றவங்க மல்லாக்கத் தூக்கிப் பாத்துட்டு "பொட்டையா, வேணாம்ப்பா"ன்னு கீழ வச்சுட்டுப் போயிருவாங்க. எப்படியோ மூணுக்கு வீடு கெடச்சுச்சு, ஒண்ண நாங்களே வச்சுகிட்டோம். ஒவ்வொரு குட்டி போனப்பவும் சிட்டு கட்டிலுக்கு அடியில, பீரோ சந்துலன்னு மோந்து மோந்து தேடுச்சு. வாயில்லா ஜீவனோட தாய்மையப் பறிக்கிறியான்னு இங்க சண்டைக்கு வருவீங்க, தெரியும். அது தேடுனத நீங்க பாக்கல. ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதுங்கறதும் உண்மையில்ல.

 

உங்க நாய் இப்ப ஹீட்ல இருந்தா ரத்தம் பாத்த தேதிய காலண்டர்ல குறிச்சு மூணு வாரம் முழுசா உள்ளயே வைங்க, ஆபரேஷன் எப்பன்னு டாக்டர்ட்ட கேட்டுக்கங்க, நான் டாக்டர் இல்ல. அதே வீட்ல கடுவனும் இருந்தா தனி ரூம், அண்ணன் தங்கச்சியா இருந்தாலும் தனிதான். கடுவனுக்கு ஆபரேஷன் பண்ணிட்டாலும் உடனே சேத்து விடாதீங்க, சில வாரம் வரைக்கும் சினையாக்கிரும்.