தவழும் குழந்தை இருக்கும் வீடு: வாசகர் கேள்விகள்

எட்டு மாதப் பையன் தவழ ஆரம்பித்துவிட்டான். வாடகை வீடு, பிளக் பாயிண்ட் எல்லாம் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். ‘எம்சிபி இருக்கே, ஷாக் அடிச்சா டிரிப் ஆயிடும்’ என்கிறார் எலெக்ட்ரீஷியன். போதுமா?
– வாசகி, கரூர்

போதாது. எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் இருப்பது வயரைக் காப்பாற்ற. லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். உடம்பு வழியாகத் தரைக்கு ஓடும் சொற்ப மின்சாரம் 16 ஆம்பியர் எம்சிபிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி என்ற, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச். பேஸ் வயரில் போன மின்சாரம் நியூட்ரல் வயரில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் உடனே துண்டிக்கும். அதன் மேல் 30 எம்ஏ (மில்லி ஆம்பியர்) என்று இருக்க வேண்டும். 100, 300 எல்லாம் தீவிபத்துத் தடுப்புக்கு. அதிலுள்ள ‘டி’ (டெஸ்ட்) பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் லைனையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் நியூட்ரல் மற்ற நியூட்ரலோடு கலந்திருந்தால் ஆர்சிசிபி அடிக்கடி விழும். தொல்லை என்று அந்த லைனை ஆர்சிசிபி வழியாக விடாமல் பைபாஸ் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். நியூட்ரலைப் பிரித்து, அந்த லைனுக்குத் தனி ஆர்சிசிபி போடுவதுதான் சரி.

ஆர்சிசிபியும் எல்லாவற்றுக்கும் காவல் இல்லை. சாக்கெட்டின் இரண்டு துளையிலும் கம்பியை விட்டால், போனது அப்படியே திரும்பிவிடும். ஆர்சிசிபி சும்மா இருக்கும். அதற்குத்தான் ஷட்டர் (துளையை உள்ளே மூடியிருக்கும் தகடு) உள்ள சாக்கெட். வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் செருகும் பிளாஸ்டிக் மூடி போடலாம், ஆனால் குழந்தை கையால் உருவ முடியாத அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். லூசான மூடி நேரே வாய்க்குப் போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடவே வேண்டாம்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. பக்கெட்டில் பிடித்து வைக்காமல் எப்படி?
– வாசகர், கோவில்பட்டி

பிடித்து வையுங்கள், திருகுமூடி டிரம்மில். தட்டு, பலகை போட்டு மூடுவது வீண், குழந்தை தள்ளிவிடும். கைக்குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் நிமிர முடியாது. மூழ்கப் பக்கெட்டில் நான்கு விரற்கடை தண்ணீர் போதும், அலறல்கூடக் கேட்காது. குளியலறைக் கதவுக்கு வெளியே ஐந்தடி உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள். பெரும்பாலும் மறப்பது துணி ஊறவைத்த பக்கெட்டைத்தான்.

மூத்தவளுக்கு இரண்டரை வயது. தம்பியின் தூளியில் ஏறி ஆடுகிறாள். விடலாமா?
– வாசகி, ஆரணி

கூடாது. முறுக்கிச் சுற்றினால் சேலை கழுத்தில் இறுகும். தம்பியை இறக்கியதும் தூளியைக் கொக்கியிலிருந்து கழற்றி, அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.