வீட்டுக்கல்வி தொடங்க முதலில் என்ன செய்ய வேண்டும், சட்டம் என்ன கேட்கும்?

பாடப்புத்தகம் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், முதலில் சட்டம். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவதே கட்டாயம், வீட்டுக்கல்விக்கு அநேகமாக இடமில்லை. பிரான்சில் 2022 முதல் முன் அனுமதி வேண்டும். ஒரே நாட்டுக்குள்ளும் விதி மாறும்: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அரசு எந்த அறிவிப்பும் கேட்பதில்லை, நியூயார்க்கோ ஆண்டுத் திட்டம், காலாண்டு அறிக்கை, 1 முதல் 6ஆம் வகுப்புவரை ஆண்டுக்கு 900 மணி நேரப் படிப்பு என்று வரிசையாகக் கேட்கும். ஆக, உங்கள் ஊர் விதியில் மூன்றைத் தேடுங்கள்: கட்டாயக் கல்வி வயது, அனுமதியா வெறும் அறிவிப்பா, மதிப்பீடு உண்டா.

பலர் சறுக்குவது பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கும் இடத்தில்தான். கடிதம் கொடுக்காமல் நிறுத்தினால் வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' ஏறிக்கொண்டே போகும். விசாரணை வீடு தேடி வரலாம். தேதியிட்ட கடிதம் கொடுங்கள், நகலில் கையொப்பம் வாங்குங்கள். அனுமதி தேவையென்றால் அது கைக்கு வந்த பிறகே நிறுத்துங்கள்.

அன்றாடம் படித்ததைக் குறித்து வைக்க ஆடம்பர மென்பொருள் வேண்டாம், ஒரு நோட்டு போதும்: "12ஆம் தேதி, பின்னம், 40 நிமிடம், வகுத்தலில் தடுமாற்றம்." கூடவே மாதந்தோறும் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு விடைத்தாள்கள் கோப்பில் இருக்கட்டும்.

பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடியுமா என்பதை இரண்டு ஆண்டு முன்பே விசாரியுங்கள். செய்முறைத் தேர்வுள்ள பாடங்களுக்கு மையம் கிடைப்பதுதான் சிரமம்.